மேற்கே சாய்ந்த முளைப்பாரி

கப்பலேறி வந்த கூலிகள் வரிசையாகக் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் ஆடி பிறந்துவிட்டால் நாகையாவுக்குத் தன் வீட்டிலேயே பாதி இடம் போய்விடும். என்ஜின் ஷெட்டில் சாம்பல் வாரிவிட்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வந்து நிற்பான். முன்னறைதான் அவனுக்கு. பின்னறை ஆத்தாளுக்கு. அந்த ஜன்னலில் இரட்டைக் கோணி தொங்கும். கதவு இடுக்கில் பழஞ்சேலை திணித்திருக்கும். உள்ளே லயத்துப் பெண்களின் முளைப்பாரிச் சட்டிகள் இருட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆண்பிள்ளை எவனும் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. பெண்பிள்ளையும் தலைமுழுகாமல் தாண்டக்கூடாது.

சாவி அவன் பெண்டாட்டி வள்ளியம்மாளின் இடுப்பில் இருக்கும். பாரி போட அவளுக்குத்தான் கைராசி என்று லயமே ஒத்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டகையில் காய்ந்த எரு வாங்கி இடித்துச் சலிப்பாள். பாசார்ச் சந்தையில் பாசிப்பயறும் தட்டைப்பயறும் மொச்சையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஊறவைப்பாள். வைக்கோல் கிடைக்காத ஊர் இது. லாலான் புல்லை அறுத்துக் காயவைத்துச் சட்டிக்கு அடியில் பரப்புவாள். விதை போட்ட நாளிலிருந்து வீட்டில் கருவாட்டு வாசம் கிடையாது. வெளிச்சம் காணாத பாரி நெடுநெடுவென்று எழும்பி, மஞ்சள் பூசிக் குளித்த பொம்பிளை மாதிரி நிற்கும். "ஆத்தா தன் மேல பூசின மஞ்சளை வழிச்சுப் பூசி அனுப்பறா" என்பார்கள் பெண்கள். வள்ளியம்மாளும் அப்படித்தான் சொல்வாள். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

பகலெல்லாம் அவளுக்குத் தண்டவாளத்தில் வேலை. ஜல்லிக் கூடை சுமக்கிற கேங்கு. சும்மாடு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்விட்டது. முக்காடு போட்டு மறைத்துக்கொள்வாள். ஒரே பெண் பவுனம்மாளுக்குக் காலையில் எண்ணெய் தேய்க்கும்போது அவள் தலையில் அதே இடத்தை விரலால் ஒருதரம் அமுக்கிப் பார்ப்பாள். முடி அடர்ந்து, வழுவழுவென்று இருக்கும்.

"இது இப்படியே இருக்கணும்" என்பாள்.

பவுனுக்கு அர்த்தம் தெரியும். பள்ளிக்கூடத்தை விடக்கூடாது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துவிட்டதே பக்கத்து வீட்டு சபாபதிதான். கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம். சுயமரியாதைக்காரர். நெற்றியில் ஒன்றும் இருக்காது. வாயில் எந்நேரமும் ஏதாவது இருக்கும், வெற்றிலையோ வாதமோ. மகள் சீதாலெட்சுமிக்குப் புராணப் பேர் வேண்டாமென்று 'அறிவுச்செல்வி' என்று மாற்றிவிட்டார். ஆனால் அவசரத்துக்கு "ஏ சீதா, கோப்பி கொண்டா!" என்றுதான் வாயில் வரும். லயமே சிரிக்கும். பவுனைப் படிக்க அனுப்ப நாகையா தயங்கியபோது, "பொட்டப்புள்ள படிச்சா மானம் போயிடும்னா அந்த மானத்தை எங்கிட்ட குடு நாகையா, கூட்ஸ் ஷெட்டுல பூட்டி வெக்கறேன்" என்று சண்டை பிடித்துச் சேர்த்துவிட்ட மனுசன். அந்த நன்றி வள்ளியம்மாளுக்கு உண்டு.

அப்பேர்ப்பட்டவரின் மகள்தான் ஒரு சாயங்காலம் பின்கதவில் வந்து, கையில் வெறும் கொட்டாங்கச்சியோடு அழுதுகொண்டு நின்றாள்.

"என்னடி, அறிவு அழுவுது?" என்றாள் வள்ளியம்மா.

"டீச்சர் பாடம் குடுத்தாங்க பெரியம்மா. ரெண்டு கொட்டாங்கச்சில பயறு போட்டு, ஒண்ண ஜன்னல்ல வெக்கணும், ஒண்ண இருட்டுல வெக்கணும். என்ன ஆச்சுன்னு பாத்து, திருவிழா முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை கொண்டுபோய்க் காட்டணும். இருட்டுக்கு அலமாரியில வெச்சிருந்தேன். அப்பா பாத்துட்டு, 'எவடி எங்க வீட்ல முளைப்பாரி போடறது'ன்னு எத்திவிட்டுட்டாரு."

"பாடம்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். 'இருட்டுல வெச்சா வெளுக்கும். நான் சொல்றேன், எழுதிக்கிட்டுப் போ'ங்கறாரு. பாக்காம எப்படி பெரியம்மா எழுதறது?"

பின்னாலிருந்து பவுனு மெல்ல, "நம்ம அறையும் இருட்டுதானேம்மா" என்றாள்.

"வாய மூடு."

வள்ளியம்மா கொட்டாங்கச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாமி இல்லை என்கிற வீட்டுச் சாமான். சீதாவின் பாவாடை மடியில் இருந்த பயறு, தன் வீட்டுப் பயறு போலவேதான் இருந்தது. குழாயடியில் யாரோ குடத்தைத் தடாலென்று வைத்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

"தலைமுழுகாம உள்ள கால் வெக்கக்கூடாது. ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன். உங்கப்பன்கிட்ட வாயத் தொறக்காதே" என்றாள். "ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எருவைப் போட்டு, பயறைத் தூவி, கொட்டாங்கச்சியை மூலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திருவிழாவுக்கென்று கிள்ளானிலிருந்து நாகையாவின் அக்காள் மாரியாயி ரயிலேறி வந்தாள். வந்தவள் மூட்டையை இறக்குமுன்பே, "எங்க எம் மருமவ?" என்றாள். பவுனைத் தன் மகனுக்கென்று தொட்டிலிலேயே பேசிவைத்தவள் அவள். இப்போதே கூட்டிக்கொண்டுபோய்க் கூடமாட வைத்துக்கொண்டால் தோது என்பது அவள் எண்ணம்.

"ஏன் வள்ளி, இவ எழுதிப் படிச்சு என்ன பண்ணப்போறா? சோறு எழுத்துலயா வேகுது?"

"நானும் எழுத்தில்லாமத்தான் வேக வெக்கறேன் அண்ணி. அடுப்புல பாதி, ஜல்லியில பாதி நாந்தான் வேகறேன்."

"உனக்கு வாய் இருக்கு. என் தம்பிக்குத்தான் அது இல்ல."

நாகையா சிரித்துவைத்தான். அவனுக்கு உள்ளூரப் பயம். ஆள்குறைப்புக் காலம். நேற்று வரை கூட வேலை பார்த்தவனெல்லாம் மூட்டை கட்டி ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தான். ஒரு வாய் குறைந்தால் நல்லதுதானே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. வள்ளியம்மா அதைப் படித்துவிட்டாள். அதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

"திருவிழா முடியட்டும், பேசுவோம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்கள் தலைமுழுகி ஈரச்சேலையோடு வந்தார்கள். கும்மி தட்டி முடித்து, பாரிக்குத் தண்ணீர் தெளிக்க மாரியாயி அகல்விளக்கோடு முதலில் போனாள். போனவள், "அய்யோ ஆத்தா!" என்று அப்படியே நின்றுவிட்டாள்.

பாரி முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சட்டி, இரண்டு சட்டி என்றில்லை. எல்லாச் சட்டியும், எல்லாத் தண்டும், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி மேற்கே தலைசாய்த்து நின்றன. லயத்து மாரியம்மன் கோயில் கிழக்கே இருந்தது.

"ஆத்தாளுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதே. முகத்தத் திருப்பிட்டாளே!" என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மாரியாயி விளக்கைத் தூக்கிப் பிடித்து மூலை மூலையாகத் தேடினாள். கொட்டாங்கச்சி அகப்பட்டது.

"இது யாருது வள்ளி?"

பொய் சொல்ல வள்ளியம்மாளுக்கு அந்த அறையில் வாய் வரவில்லை. "கிராணி மகளோடது" என்றாள்.

பெண்கள் வெளியே வருவதற்குள் சேதி வாசலுக்குப் போய்விட்டது. தம்புசாமி மண்டோர் வந்து நின்றார். கோயிலுக்கு அவர்தான் தலைவர். வள்ளியம்மாளின் கேங்குக்கும் அவர்தான் மேலாள். ஆம்பிளை என்பதால் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. முன்வாசலிலேயே நின்று கத்தினார்.

"சாமி இல்லேங்கறவன் வீட்டுச் சட்டிய உள்ள வெச்சா ஆத்தா மூஞ்சத் திருப்பாம, சிரிப்பாளா? ஏம்மா, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

சத்தம் கேட்டு சபாபதி பனியனோடு வந்தார். தன் வீட்டுக் கொட்டாங்கச்சி அங்கே இருந்ததைக் கேட்டு ஒரு நிமிசம் முகம் செத்துப்போனது. உடனே சமாளித்துக்கொண்டு, "சாஞ்சா என்ன, நிமிந்தா என்னய்யா? பயறுதானே? மாட்டுக்குப் போடுங்க. அதாவது பால் குடுக்கும்!" என்றார்.

"பாத்தியா நாகையா, பேச்ச? இந்த ஆள் சொல்லித்தானே பொண்ணப் பள்ளிக்கூடம் அனுப்புனே?"

"அனுப்புனதாலதான்யா உங்க மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு அதுங்க கேக்குது!"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

வள்ளியம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி லயம் கேட்டதில்லை.

"மண்டோரய்யா, நீங்க உள்ள பாக்காமலே ஆத்தா கோவம்ங்கறீங்க. கிராணி அண்ணே, நீங்களும் பாக்காமத்தான் ஒண்ணுமில்லேங்கறீங்க. பாத்தவங்க நாங்க. எங்களுக்கே இன்னும் வெளங்கலே."

மண்டோர் குரலைத் தணித்தார். தணித்தால்தான் அவரால் ஆபத்து. "இங்க பாரும்மா. அந்தக் கொட்டாங்கச்சி வெளிய போகணும். பொண்ணப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி அவ அத்தைகூட கிள்ளானுக்கு அனுப்பு. இல்லேன்னா இந்த வீட்லேருந்து பாரி கெளம்பாது. கேங்குலயும் ஆளக் கொறைன்னு மேல இருந்து சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க."

"சரிங்க மண்டோரய்யா" என்றான் நாகையா, வள்ளியம்மாளைக் கேட்காமலே.

"பாரி வெள்ளிக்கிழமைதானே கெளம்புது? அதுவரைக்கும் விடுங்க" என்றாள் வள்ளியம்மா. மண்டோர் தோள்துண்டை உதறிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் பவுனும் சீதாவும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா, அடிக்கக்கூடாது" என்றாள் பவுனு.

"சொல்லு."

"ஜன்னல் கோணில நாங்க ஓட்டை போட்டோம்மா. கோணி ஊசியால. அப்புறம் நேத்து வெரல விட்டுக் கொஞ்சம் பெரிசாக்கினோம்."

"எதுக்குடி?"

"கொட்டாங்கச்சிய மத்தியானம் மத்தியானம் பாக்கணும். உள்ள வரணும்னா தலைமுழுகணும்னே. பள்ளிக்கூடம் விட்டு வந்து தெனம் முழுகினா இவ அப்பா கேப்பாரே. அதான், வெளிய நின்னே பாத்தோம்."

வள்ளியம்மா பின்பக்கம் போய்க் கோணியைத் தடவினாள். காசு அகலத்துக்கு ஓட்டை. மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியான வெயில் திரும்பினால் நேரே அதன்மேல்தான் விழும்.

"செடி வெளிச்சத்தத் தேடிப் போகும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் பவுனு.

"டீச்சர் சொன்னா நான் ஒத்துக்கணுமா? மண்டோர் சொன்னா ஒத்துக்கறேனா?" வள்ளியம்மா முந்தியை உதறிச் செருகினாள். "போய்த் தலைமுழுகிட்டு வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க. நீங்க இல்லாம நான் எதையும் தொடமாட்டேன்."

மாரியாயி பார்த்துக்கொண்டிருக்க, வள்ளியம்மா ஒவ்வொரு சட்டியாகத் திருப்பினாள். மேற்கே பார்த்த பாரியெல்லாம் இப்போது கிழக்கே பார்த்தது. கொட்டாங்கச்சியையும் திருப்பினாள்.

"அதத் தூக்கி வெளிய எறி மொதல்ல. தீட்டு அதுதான்" என்றாள் மாரியாயி.

"வேண்டாம் அத்தே!" பவுனு குறுக்கே வந்தாள். "அதையும் எறிஞ்சு, சட்டியையும் திருப்பினா, எதனால என்ன ஆச்சுன்னு எப்படித் தெரியும்? அது இருக்கட்டும். ஓட்டையும் இருக்கட்டும். சட்டிய மட்டும் திருப்புவோம். நாளைக்கு ஓட்டைப் பக்கம் திரும்புச்சுன்னா ஓட்டை. கிழக்கயே நின்னா..."

"நின்னா?"

பவுனு அம்மாவைப் பார்த்தாள். "நின்னா நான் உங்ககூட கிள்ளானுக்கு வரேன்" என்றாள்.

வள்ளியம்மா கதவைச் சாத்தி, சாவியை நாத்தனாரின் கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்கங்க அண்ணி. நாளைக்கு நீங்களே தொறங்க."

மறுநாள் கேங்கில் யாரும் அவளோடு பேசவில்லை. கூடையை ஏற்றிவிடுகிறவள்கூட முகத்தைப் பார்க்காமல் ஏற்றிவிட்டாள். ஜல்லிக்கல் கொதித்தது. தண்டவாளத்தில் காலைத் தெரியாமல் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். தினமும் அந்த வெயிலைத் திட்டித் திட்டி நடக்கிறவள், அன்றைக்கு அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள். காயட்டும், இன்னும் காயட்டும்.

மத்தியானச் சோற்றுக்குச் சங்கு ஊதியபோது கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு மேகம் ஏறி வந்தது. கூடவே, ஷண்டிங் போன என்ஜின் ஒன்று கரும்புகையைக் கக்கி அந்தப் பக்கத்து வானத்தையே மூடியது. வள்ளியம்மா தூக்குச்சட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயத்துக் கூரைகள் நிழலில் கிடந்தன. ஓட்டையில் இப்போது ஒன்றும் விழாது.

"ஆத்தா" என்றாள் வாய்விட்டே. "வெயில் குடு ஆத்தா. எம்புள்ளைக்காகக் கேக்கறேன். கொஞ்சம் வெயில் குடு."

சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தொழிலில் வெயிலைக் கேட்டு வேண்டிக்கொண்டவளை அவர்கள் கண்டதில்லை. வெகுநேரம் கழித்து, கூடையை அவள் மறுபடி தலையில் ஏற்றிய பிறகுதான் முதுகில் வெயில் சுரீரென்று உறைத்தது. அவ்வளவு சுகமான சூடு அவள் வாழ்நாளில் பட்டதில்லை.

சாயங்காலம் வாசல் நிறைய ஆள். மண்டோர் ஒரு பக்கம், சபாபதி ஒரு பக்கம், நடுவில் நாகையா. மாரியாயி தலைமுழுகி, ஈரம் சொட்டச் சொட்டச் சாவியைப் போட்டாள். வள்ளியம்மாளும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள்.

பாரி மேற்கே பார்த்து நின்றது. தண்டின் அடிப்பாகம் கிழக்கே வளைந்திருக்க, நுனிகள் மட்டும் திரும்பி வந்திருந்தன, மனசு மாறினவர்கள் மாதிரி. கோணி ஓட்டை வழியாக அந்திவெயில் ஒரு கம்பி போல உள்ளே இறங்கியிருந்தது.

மாரியாயி விளக்கைக் கீழே வைத்தாள். ஓட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தாள், கம்பி மறைந்தது. எடுத்தாள், வந்தது. பச்சைப்பிள்ளை விளையாடுகிற மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். பிறகு கொட்டாங்கச்சிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதையும் பார்த்தாள்.

"என்னாச்சு உள்ள?" என்று வாசலிலிருந்து மண்டோர் குரல் கொடுத்தார்.

மாரியாயி தலைமுடியைத் தட்டி முடிந்துகொண்டே வெளியே வந்தாள்.

"ஆத்தா நல்லாத்தான் இருக்கா மண்டோரே. கோணிலதான் ஓட்டை."

"என்னது?"

"சட்டிய வள்ளி என் கண்ணெதிர திருப்பி வெச்சா. சாவி என் இடுப்புல. பாரி வெளிச்சத்தப் பாத்துத் திரும்பியிருக்கு."

"அப்போ அந்தக் கொட்டாங்கச்சி? அதுக்கு என்ன சொல்றே?"

"அதுவும் ஓட்டைப் பக்கந்தான் திரும்பியிருக்கு. நம்ம பாரியும் அதே பக்கந்தான். ஆத்தாளே வித்தியாசம் பாக்கலே, உனக்கென்னப்பா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மண்டோர் விடவில்லை. "ஓட்டைய யார் போட்டது?"

மாரியாயி கொஞ்சமும் யோசிக்காமல், "எலி" என்றாள்.

"எலி இல்லேங்க" என்றாள் வள்ளியம்மா. "எம்பொண்ணும் கிராணி பொண்ணும். தலைமுழுகாம உள்ள வராதேன்னு சொல்லியிருந்தேன். அதனால வெளிய நின்னு பாத்துச்சுங்க. பெரியவங்க பேச்சக் கேட்டதால வந்த வெனை இது."

"இதுக்குத்தான் பள்ளிக்கூடமே ஆகாதுங்கறேன். நாளைக்கு ஆத்தாளையே ஓட்டை போட்டுப் பாக்குங்க. நாகையா, நான் சொன்னது சொன்னதுதான். பொண்ணு பள்ளிக்கூடம் போகக்கூடாது."

"போகும்" என்றாள் வள்ளியம்மா.

மண்டோர் நாகையாவைப் பார்த்தார். லயம் பூராவும் நாகையாவைப் பார்த்தது. அவன் நகத்திலிருந்த சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அதான் போகும்ங்கறாளே" என்றான், நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"சரி. திங்கக்கிழமை கேங்குல பாத்துக்கறேன்" என்று மண்டோர் நடையைக் கட்டினார். பாரியைத் தடுக்க அவரால் முடியவில்லை. பெண்கள் ஏற்கெனவே கும்மிக்கு வட்டம் கட்டிவிட்டார்கள்.

சபாபதி மட்டும் நின்றார். சீதா ஒரு கையில் தன் வீட்டு ஜன்னல் கொட்டாங்கச்சியும் ஒரு கையில் பின்னறைக் கொட்டாங்கச்சியுமாக அவரெதிரே வந்தாள். ஒன்று குட்டையாய், கரும்பச்சையாய், தடித்திருந்தது. மற்றது ஒரு சாணுக்கு மேல் எழும்பி, வெளுத்து, தலை சாய்ந்திருந்தது.

"இதுதான் எனக்குத் தெரியுமேம்மா" என்றார்.

"தெரியும்ப்பா. பாத்ததில்லையே."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குனிந்தார். மஞ்சள் தண்டை ஒரு விரலால் தொட்டார். "இவ்வளவு ஒசரமாவா வளரும்?" என்றார்.

வள்ளியம்மா அதே கோணி ஊசியால் ஓட்டையைத் தைத்தாள். இருட்டில் பாரி தானாக நிமிர்ந்து, வெள்ளிக்கிழமை லயத்துப் பெண்களின் தலையில் ஏறி ஊர்வலம் போனது. மாரியாயி மறுநாள் கிள்ளான் ரயிலுக்குத் தனியாகவே கிளம்பினாள். "எம் மவன் காத்திருப்பான். இல்லேன்னா வேற எவளையாவது கட்டிக்கட்டும். அவனுக்கு இவகிட்ட பதில் சொல்ல முடியாது" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை காலையில் வள்ளியம்மா மகளுக்கு எண்ணெய் தேய்த்தாள்.

"அம்மா, பச்சையா வளந்ததக் கொண்டுபோய் இருட்டுல வெச்சா மறுபடி மஞ்சளாகுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"டீச்சரக் கேக்கவா?"

"கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு. அடுத்த ஆடிக்கு உனக்குன்னு ஒரு சட்டி தனியா வெக்கறேன், போட்டுப் பாரு." உச்சந்தலையை ஒருதரம் அமுக்கிப் பார்த்தாள். "ஆனா தலைமுழுகித்தான் உள்ள வரணும்."

அன்றைக்கே மண்டோர் சொன்னபடி செய்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆம்பிளைகளே முனகுகிற வேகன் இறக்கத்துக்கு வள்ளியம்மாளை மாற்றிவிட்டார். வேகனிலிருந்து கல்லை வாரி, கூடையில் கொட்டி, மேட்டிலேற்றிப் போடவேண்டும். முதல் நடையிலேயே கழுத்து நரம்பு தெறித்தது. இரண்டாவது கூடைக்குக் குனிந்தபோது, கீழே லைனைக் கடந்து பவுனும் சீதாவும் போவது தெரிந்தது. ஆளுக்கொரு கொட்டாங்கச்சியை முட்டை மாதிரி ஏந்திக்கொண்டு, காற்றில் தண்டு முறியாமல் இருக்க ஒருத்திக்கு ஒருத்தி மறைப்பாக நடந்தார்கள்.

"என்னம்மா, அங்க என்ன வேடிக்கை? கூடை நெறஞ்சு நிக்குது!" என்று மேட்டிலிருந்து மண்டோர் கத்தினார்.

வள்ளியம்மா சும்மாட்டைச் சுருட்டி, முடி போன இடத்தில் சரியாகப் பொருந்தும்படி வைத்தாள்.

"ம், ஏத்திவிடு" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.